சீமாட்டி மரத்தின் பதினோரு துளைகள்

தமிழ்மாறனும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து சிநேகம். கூடலூரில் இரண்டு வீடும் ஒரே தெரு. கம்பத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவோம். காதல் கீதல் என்று யாரும் கதை கட்ட வேண்டாம். அப்படி ஏதாவது இருந்திருந்தால் கொஞ்சம் ஜாக்கிரதையாகவாவது இருந்திருப்பேன். வெறும் சிநேகிதன் என்பதால்தான் முழுசாக ஏமாந்தேன்.

நான் வேலை பார்ப்பது பெரியகுளத்துக்கு வடக்கே, மலை அடிவாரத்தில் இருக்கும் பங்களாத் தோட்டத்தில். ஒரு வெள்ளைக்காரத் துரை நூற்றைம்பது வருடத்துக்கு முன் போட்டது. பழைய பங்களா, கல் தொட்டி, செங்கல் பாவிய நடைபாதை, அறுபத்திரண்டு மாமரங்கள். இப்போது ஓர் அறக்கட்டளை அதை நடத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் டிக்கெட் வாங்கி உள்ளே வந்து, மரத்தைப் பார்க்காமல் மரத்தின் முன்னால் நின்று தங்களைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். எட்டு வருடமாக நான் அங்கே தோட்டக்கலை மேற்பார்வையாளர். என் கீழ் ஆறு பேர். அவர்களில் மாயக்கா மட்டும் எனக்கும் முன்னால், இருபது வருடமாக அங்கேயே இருப்பவர்.

அறுபத்திரண்டில் ஒரு மரத்துக்குச் சீமாட்டி என்று பெயர். யாரும் ஒட்டுக் கட்டி நட்டதல்ல, எங்கோ விழுந்த கொட்டையிலிருந்து தானாக முளைத்தது. அதைப் போல இன்னொரு மரம் இந்த ஜில்லாவில் கிடையாது. பழத்தின் தோல் அவ்வளவு மெலிசு. கூடையில் போட்டுச் சந்தைக்கு அனுப்பினால் போய்ச் சேருவதற்குள் கூழாகிவிடும். அதனால் அந்தப் பழத்தைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் மட்டுமே தின்றிருக்கிறோம்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை, சீமாட்டியின் தூரில் மரத்தூள் சிந்திக் கிடந்ததைப் பார்த்தேன். தண்டுத் துளைப்பான் புழு. உள்ளே இருந்து மரத்தைத் தின்றுகொண்டே போகும். வெளியே தெரிவது சின்ன ஓட்டையும் கொஞ்சம் தூளும்தான். அதற்கு முந்தின வருடம் இதே புழு அரித்த ஒரு கிளை முறிந்து, வந்தவர் ஒருவரின் கார் மேல் விழுந்திருந்தது. உடனே அறக்கட்டளைக் குழு கூடி ஒரு விதி போட்டது. நடைபாதை ஓரத்து மரத்தில் புழு என்று பதிவேட்டில் ஏறிவிட்டால், கோடை விடுமுறைக்குள் அந்த மரத்தை வெட்டிவிட வேண்டும். வைத்தியம் பார்க்கிறேன், ஆறு மாதம் கொடுங்கள் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

சீமாட்டி நிற்பது நடைபாதை ஓரத்தில். ஆகவே நான் பதிவேட்டில் ஏற்றவில்லை.

மாதா மாதம் அந்த மரத்துக்கு நேரே 'நலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆட்கள் ஏழு மணிக்கு வருவார்கள் என்றால் நான் ஆறு மணிக்கே போய்விடுவேன். கொக்கி வளைத்த கம்பியை ஓட்டைக்குள் விட்டுப் புழுவைக் குத்தி எடுப்பேன். மருந்தில் நனைத்த பஞ்சை உள்ளே திணித்து, களிமண்ணைக் குழைத்து வாயை அடைப்பேன். கீழே விழுந்த தூளைக் கையாலேயே அள்ளிக் குப்பைக் குழியில் போடுவேன். ஒன்றை அடைத்தால் இன்னொன்று திறக்கும். மொத்தம் பதினோரு துளைகள். இத்தனைக்கும் நான் தோட்டக்கலையில் பட்டம் வாங்கியவள், ஆனால் அந்த மூன்று வருடமும் ஒரு திருடியைப் போலத்தான் வைத்தியம் பார்த்தேன்.

போன ஆடியில் தமிழ்மாறன் வந்தான். சென்னையில் சிற்பம் படித்துவிட்டுக் கொச்சியில் பட்டறை வைத்திருக்கிறான். தோட்டத்தின் நூற்றைம்பதாவது ஆண்டுக்கு ஏதாவது புதுமையாக வைக்க வேண்டும் என்று அறக்கட்டளை ஆசைப்பட்டது. அவன் வரைந்து காட்டியது பதினான்கு அடி உயரத்தில் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு. லேசாக வளைந்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பாலீஷ் போட்டது. தோட்டம் முழுக்கச் சுற்றிவிட்டுச் சீமாட்டிக்கு முன்னால் வந்து நின்றான்.

"இவதேன் பவானி. இவளுக்கு நேரா நிறுத்துனா, வர்ற சனம் ஒரு மரத்துக்கு ரெண்டு மரமாப் பாக்கும்."

எனக்கு மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. சிற்பமே இந்த மரத்தை நம்பித்தான் நிற்கிறது என்றால், நாளைக்கு எந்தக் குழுவும் இதன் மேல் கை வைக்காது. குழுக் கூட்டத்தில் பாதிப் பேர் இந்தப் பாத்திரக்கடைச் சாமானெல்லாம் இங்கே எதற்கு என்று முகம் சுளித்தார்கள். நான்தான் எழுந்து நின்று அவனுக்காகப் பேசினேன். எட்டு வருடத்தில் நான் அந்தக் கூட்டத்தில் அவ்வளவு நேரம் பேசியது அதுவே முதல் தடவை. அனுமதி கிடைத்தது.

அன்று மத்தியானமே அவனைச் சீமாட்டியிடம் கூட்டிக்கொண்டு போய் உண்மையைச் சொன்னேன். சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. மூன்று வருடமாக ஒருவரிடமும் சொல்லாத விஷயம். ஒவ்வொரு துளையாகக் காட்டினேன். எது எப்போது திறந்தது, எதை எப்போது அடைத்தேன், எதில் இன்னும் தூள் வருகிறது எல்லாம் சொன்னேன். அவன் துளைகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். நோட்டை எடுத்து அடிமரத்தை வரைந்து, துளை இருந்த இடத்திலெல்லாம் புள்ளி வைத்து, பக்கத்தில் நான் சொன்ன மாதத்தையும் எழுதிக்கொண்டான். கலைஞன், எதைப் பார்த்தாலும் வரைவான் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒருத்தருகிட்டயும் மூச்சு விடமாட்டேன் பவானி" என்றான்.

ஐப்பசியில் கடைசித் துளையும் ஆறியது. பட்டை வளர்ந்து களிமண்ணைத் தானே வெளியே தள்ளியது. தையில் சீமாட்டி பூத்தாள். ஒரு கொப்பு விடாமல், இலை தெரியாதபடி பூத்தாள். இந்த வருடம் ஒட்டுக்குக் குச்சி எடுத்து நாலு கன்றாவது கட்டிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். பூத்த கொப்பில் ஒட்டுக் குச்சி கிடைக்காது. போகட்டும், இத்தனை நாள் நோயில் கிடந்தவள், ஒரு தடவை ஆசை தீரக் காய்க்கட்டும், குச்சியை அடுத்த வருடம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

மாசி பிறந்ததும் கொச்சியிலிருந்து லாரியில் தகடு வந்தது. கிரேன் வைத்து நிறுத்தினார்கள். தார்ப்பாயை விலக்கிப் பார்த்தால் தகடு மங்கலாகக் கிடந்தது. சீமாட்டியின் நிழல் அப்படி. தகட்டுக்குள் கரும்பச்சையாக ஓர் இருட்டு மட்டும் தெரிந்தது. தமிழ்மாறனின் முகம் செத்துவிட்டது.

ரெண்டு நாள் கழித்து வந்து, "தெக்குப் பக்கத்துக் கொப்பு ஒண்ண மட்டும் கழிச்சுக்கிறவா? வெளிச்சம் கொஞ்சம் இறங்கும்" என்றான். அரை நாள் சண்டை போட்டேன். கடைசியில் மணிக்கட்டு கனத்தில் ஒரு கொப்பு, அதுவும் நான் ஊரிலிருந்து வந்த பிறகு என் கண் முன்னால் என்று ஒத்துக்கொண்டேன். அம்மாவுக்குக் கம்பத்தில் கண் புரை அறுவை. நாலு நாள் லீவு போட்டிருந்தேன். நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவன் ஸ்கூட்டரில் வந்து ஒரு கடிதத்தை நீட்டினான். இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் கொப்பு கழிக்க அனுமதி என்று இருந்தது. படித்தேன். இரண்டாம் பக்கத்தில் பெயரும் பதவியும் கையெழுத்துக்கு இடமும் மட்டும். ஸ்கூட்டர் சீட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அம்மாவுக்குக் குடிக்க என்று ரெண்டு இளநீர் வாங்கிப் பையில் போட்டுவிட்டான். அந்த இளநீரை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வியாழக்கிழமை காலை தோட்டத்துக்குத் திரும்பினேன். கேட்டைத் தாண்டி வளைந்ததும் கண் கூசியது. அந்த நடைபாதையில் எனக்கு ஒருநாளும் கண் கூசியதில்லை. தகடு தகதக என்று நின்றது. அதற்குள் கொடைக்கானல் மலை முழுசாக, அருவி விழும் பாறை வரைக்கும், வெள்ளை மேகத்தோடு தெரிந்தது. அழகாக இருந்தது. எனக்கு வயிறெரிந்ததே அதனால்தான்.

சீமாட்டி இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஓர் அடிக்கட்டை மட்டும் இருந்தது. உட்கார்ந்து பார்த்தேன். வெட்டுவாயில் ஈரம் இன்னும் காயவில்லை. நடுமரத்தின் வைரம் துளிகூடக் கெடாமல் இருந்தது. துளைகள் இருந்த இடத்தில் கறுத்த தழும்பு, அதைச் சுற்றிப் புது மரம் வளர்ந்து மூடியிருந்தது. கொப்பு ஏதாவது கிடக்கிறதா என்று தோட்டம் முழுக்க ஓடினேன். எல்லாம் செவ்வாய்க்கிழமையே விறகு லாரியில் போய்விட்டது. செங்கல்லுக்கு இடையில் உதிர்ந்த பூ மட்டும் கிடந்தது. பூவை வைத்து ஒன்றும் ஒட்ட முடியாது. மாயக்கா தூரத்தில் பெருக்கிக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் திரும்பிக்கொண்டார். அவருக்கும் மரம் போன துக்கம் போல என்று நினைத்தேன்.

அலுவலகத்தில் செயலாளர் சுருளிராஜன் என் கடிதத்தின் நகலைக் காட்டினார். இரண்டாம் பக்கம் என்னுடையது. முதல் பக்கம் எனக்குத் தெரியாதது. 'மரத்தின் அடித்தண்டில் பதினோரு இடங்களில் துளைப்பான் தாக்குதல்' என்று தொடங்கி, எந்தத் துளை எந்த மாதம் கண்டது என்று வரிசையாக எழுதி, 'பார்வையாளர் பாதுகாப்புக் கருதி உடனே அகற்றப் பரிந்துரைக்கிறேன்' என்று முடிந்தது.

"நல்ல வேளம்மா, திறப்பு விழாவுக்கு முன்னாடியே சொன்ன" என்றார் செயலாளர். நகலை மேசையில் போட்டுவிட்டுத் தமிழ்மாறனைத் தேடிப் போனேன்.

தமிழ்மாறன் கல் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று விளக்குக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தான். சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

"என்னடா செஞ்சு வச்சிருக்க?"

"மொதல்ல உக்காரு. தண்ணி குடி."

"கொப்புன்னு சொல்லித்தான கையெழுத்து வாங்குன?"

"நிழல்ல நின்னா அது வெறும் தகரம் பவானி. நீயே பாத்தேல்ல? கொச்சியிலேர்ந்து சிற்பம் பாக்க வந்தவுக பாத்துட்டு, ஆறு மாசமா இதத்தான் செஞ்சியான்னு கேட்டாக. இது போச்சுன்னா என்னைய எவனும் கூப்பிடமாட்டான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா ஒத்துக்குவியா?"

"மாட்டேன்."

"அப்பறம்?" என்றான். சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் கூசிப்போனான். "நான் பொய் எதுவும் எழுதலையே. பதினோரு ஓட்டை இருந்துச்சா, இல்லையா?"

"எல்லாம் ஆறிப்போச்சுடா பாவி!"

"அது பதிவேட்டுல இருக்கா?"

அவன் குரலைத் தாழ்த்தி, பள்ளிக்கூட நாளில் பரீட்சைக்கு முன்னால் எனக்குத் தைரியம் சொல்வானே அதே குரலில் சொன்னான். "நீ இதப் பெருசு பண்ணுனா மூணு வருசப் பதிவேட்டையும் எடுப்பாக. ஒன் வேலதேன் போகும். மரம் திரும்பி வரப்போறதில்ல. விட்டுரு பவானி. ஒன் நல்லதுக்குத்தேன் சொல்றேன்."

மரத்தை வெட்டியதைக் கூட ஒருநாள் மன்னித்திருப்பேனோ என்னவோ, தெரியாது. நான் வாய் திறக்கமாட்டேன் என்று முதலிலேயே கணக்குப் போட்டுத்தான் அவன் அந்தக் காகிதத்தை மாற்றியிருக்கிறான். மரத்தைக் காப்பாற்ற நான் மறைத்ததையே என் வாயை அடைக்க எடுத்துக்கொண்டான். இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் என்னைப் பற்றி அவன் தெரிந்துகொண்டது இதற்குத்தான் பயன்பட்டது. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. பந்தல், நாற்காலி, வாழைமரம், தேனியிலிருந்து வந்த மைக் செட்டு. கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் தகட்டுக்கு முன்னால் தலையைச் சரி செய்துகொண்டு படம் எடுத்தார்கள். தமிழ்மாறன் நன்றாகப் பேசினான். இந்த மண், இந்த மலை, இந்த வெளிச்சம் என்று என்னென்னவோ சொன்னான். கடைசியில், "இந்த இடத்த எனக்குத் திறந்து குடுத்த என் தோழி பவானிக்கு இந்தச் சிற்பம் கடன்பட்டிருக்கு" என்றான். ஜனங்கள் கைதட்டினார்கள். எனக்குப் பொன்னாடை போட மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

போனேன். பொன்னாடையைக் கையில் வாங்கி நாற்காலியில் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தேன்.

"இந்த மரத்த வெட்ட நான் எழுதிக் குடுக்கல. ஒரு கொப்பக் கழிக்கத்தான் கையெழுத்துப் போட்டேன். தமிழ்மாறன் முதல் பக்கத்த மாத்திட்டாரு. புழு இருந்தது உண்மை. மூணு வருசமா அத மறைச்சு, பதிவேட்டுல 'நலம்'னு பொய் எழுதுனது நான். போன ஐப்பசியில மரம் குணமாயிருச்சு. நம்பாதவுக அந்த அடிக்கட்டையப் போய்ப் பாருங்க, வைரம் எப்படி இருக்குன்னு. அத வெட்டுனது புழுவுக்காக இல்ல, இந்தத் தகட்டுல மலை தெரியணும்னு" என்றேன்.

தமிழ்மாறன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கணக்குத் தப்பிப்போனது என்று ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. பின்வரிசையில் நாலைந்து பேர் கைதட்டினார்கள், அவர்கள் எல்லாப் பேச்சுக்கும் தட்டியவர்கள்தான். செயலாளர் எழுந்து வந்து மைக்கை வாங்கி, சிற்றுண்டி வலது பக்கம் இருக்கிறது என்று அறிவித்தார். யாரும் அடிக்கட்டையைப் பார்க்கப் போகவில்லை. கேசரி வாங்கப் போனார்கள்.

ஒரு மணி நேரத்தில் பதிவேடு செயலாளர் மேசைக்குப் போனது. விசாரணை முடியும்வரை நான் வேலைக்கு வர வேண்டாம் என்று எழுதித் தந்தார். கடிதத்தின் முதல் பக்கம் பற்றிக் கேட்டேன். "அதையும் விசாரிப்போம்மா" என்றார், நிமிர்ந்து பார்க்காமல். அவர் ஜன்னலுக்கு வெளியே ஜனங்கள் இன்னும் தகட்டுக்கு முன்னால் நின்றார்கள்.

சாவிகளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். மாயக்கா சீமாட்டியின் அடிக்கட்டைக்குப் பக்கத்தில் பேப்பர் தட்டுகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தடவை திரும்பிக்கொள்ளவில்லை.

"மைக்குல சொன்னியே, அம்புட்டும் நெசமா?"

"நெசந்தான்க்கா."

"புழு இருந்தது எனக்குத் தெரியும்" என்றார். "மூணு வருசமா இந்தத் தூரப் பெருக்குறவ நான். மருந்து வாடை தெரியாதா? நீ அள்ளுனது போக மிச்சத் தூள யாரு அள்ளுனான்னு நெனச்ச? மழையில மண்ணு கரைஞ்ச அன்னைக்கெல்லாம் நாந்தேன் குழைச்சு அப்புனேன். நீயா சொல்லுவ, சொல்லுவன்னு பாத்தேன்."

"யாருகிட்டயும் சொல்லலையாக்கா?"

"நீ சொல்லாதத நான் எதுக்கு ஊருக்குச் சொல்லணும்?"

சாக்கைக் கீழே வைத்துவிட்டு அடிக்கட்டையின் மேல் கையை ஊன்றி நின்றார்.

"செவ்வாக்கெழம மரம் வெட்டுற ஆளுக வந்தாக. மரம் பூத்து நிக்குது, கோடாலிய அங்கன சாத்தி வச்சுட்டு உக்காந்துட்டாக. பூத்த மரத்துல, அதுல பழம் தின்னவுக யாராச்சும் வாயால சரின்னு சொல்லாம அவுக கை வைக்கமாட்டாக. அது அவுக வழக்கம். அந்தப் பய எம்புட்டோ கெஞ்சிப் பாத்தான், அசையல. வெட்ட வேணாம், எங்க பவானி வரட்டும்னு நானும் மரத்தோட நின்னேன். பாதி நாள் நின்னேன். அப்பறம் அவன் காகிதத்த எடுத்துக் காட்டுனான். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா கீழ கெடந்த கையெழுத்து தெரியும். தெனம் சாயங்காலம் வருகை நோட்டுல எங்களுக்கு நீ போடுறது. அது நெசக் கையெழுத்து."

"அக்கா..."

"பவானியே போட்டிருக்குன்னா மரத்துக்குள்ள இனி ஒண்ணுமில்ல போலன்னு நெனச்சேன். நாந்தேன் சரின்னு சொன்னேன்."

வெளியே கேட் பக்கம் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். கோபமாக எடுக்கவில்லை.

"அவன் பொய் சொன்னான், சரி. கூடலூர்க்காரன், எங்கிருந்தோ வந்தான், போவான். அவன இங்கன கூட்டியாந்து ஒவ்வொரு ஓட்டையா விரல் வச்சுக் காட்டுன. நான் அந்தத் தொட்டிக்குப் பின்னாடி தண்ணி மோந்துக்கிட்டுத்தேன் இருந்தேன். எங்கிட்ட ஏன் சொல்லல?"

மாயக்கா போய்ச் செயலாளரிடம் சொல்லிவிடுவார் என்று பயந்தேன் என்பதுதான் உண்மை. அதை அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அவர் சாக்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். எட்டு வருடமாக என்னை ஆத்தா என்றும் புள்ள என்றும் பவானி என்றும் தவிர வேறு எப்படியும் கூப்பிடாதவர், போகிற போக்கில் கேட்டார்.

"நாளையிலேர்ந்து எங்க நோட்டுல யாரு கையெழுத்துப் போடுவாக, மேடம்?"